பூமயில் களத்து நிழல்கள்

பூமயில் வத்தல் போட்டு விற்கப் போகிறாள் என்ற சேதி நெடுங்கரைக்குள் நுழைந்த அன்று, உலை வைத்திருந்தவர்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார்கள், ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்தவர்கள் குழையைப் போட்டுவிட்டு வந்தார்கள், வரப்புச் சண்டையில் பேச்சுவார்த்தை அற்றுப்போனவர்கள்கூடச் சந்து வழியாகச் சுற்றி வந்தார்கள், வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சின்னதாகப் போடு என்றார் ஒருவர். போட்டால் பெரிதாகப் போடு, இல்லையென்றால் போடாதே என்றார் இன்னொருவர். வத்தல் எதற்கு, தையல் மிஷின் வாங்கிப் போடேன் என்றாள் ஒருத்தி. என் மகளையும் சேர்த்துக்கொள், வீட்டில் சும்மாதான் இருக்கிறாள், ஆனால் வெயிலில் மட்டும் நிற்கவைக்காதே என்றாள் மற்றொருத்தி. பூமயில் எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

அவளுக்கு வேண்டியது வெயில், அது ஒன்றுதான். ராமநாதபுரம் சீமையில் தண்ணீருக்குப் பஞ்சம் உண்டு, வேலைக்குப் பஞ்சம் உண்டு, வெயிலுக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. கடவுள் இந்த மண்ணுக்கு அள்ளிக் கொட்டியது அது ஒன்றைத்தான், அதை விற்க இங்கே யாருக்கும் தோன்றவில்லையே என்று அவளுக்குப் பட்டது, அடுத்தவர் காட்டில் மிளகாய்ப்பழம் பறித்துவிட்டு வந்து, எரிகிற கைகளைத் தண்ணீர்ச் சட்டிக்குள் முக்கிவைத்து உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலத்தில். அந்த எரிச்சல் பறித்தவளுக்குத்தான் தெரியும். பிள்ளையைத் தொட முடியாது, வியர்த்த முகத்தைத் துடைக்க முடியாது, சோற்றைப் பிசைந்தால் சோறும் எரியும். பரமக்குடியில் மொத்த மளிகைக்கடை வைத்திருக்கும் அபுதாகிர் பாய் அவள் போட்ட மோர்மிளகாயை ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டு, "இதே மொறுமொறுப்புல சித்திரை முடியறதுக்குள்ள ஒரு வேன் நெறையக் குடுத்துரும்மா. அப்புறம் வருசம் பூராவும் ஒங்கிட்டத்தான் சரக்கு. பாக்கெட்டுல ஒம்பேரயே போட்டுக்குவோம்" என்று சொல்லியிருந்தார். தனுக்கோடி பெண்டாட்டி என்றும் இன்னார் மருமகள் என்றும் கூப்பிட்டுக் கூப்பிட்டே சொந்தப் பேர் துருவேறிப்போன ஒருத்திக்கு, அது சாதாரணப் பேச்சில்லை. இந்த ஒரு வேனைக் கொடுத்துவிட்டால் இனிமேல் அடுத்தவர் காட்டுக்குப் போகவேண்டாம். கொடுக்காவிட்டால் மறுபடியும் அதே காடு, அதே சட்டித் தண்ணீர்.

ஊருக்குக் கிழக்கே ஒரு பொட்டல் கிடந்தது. மரமில்லை, செடியில்லை, கருவேலங்கன்றுகூட முளைக்கப் பயந்த இடம். காலையில் விழுகிற வெயில் சாயங்காலம்வரை அந்த இடத்தைவிட்டு நகராது. பங்காளிகளுக்குப் பொதுவான நிலம், ஒருத்தருக்கும் பிரயோசனமில்லாமல் கிடந்தது. அதில் களம் போட பங்காளிகளில் மூத்தவரான சாத்தையா மாமா உடனே சம்மதித்தார், நெடுங்கரை வழக்கப்படி எல்லோரும் வந்து நின்று கொடுக்கவேண்டும் என்று மட்டும் சொன்னார். கிணறு வெட்டினாலும் வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டினாலும் கடை திறந்தாலும், சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒருதரம் அந்த இடத்தில் வந்து வெயிலில் நிற்பார்கள். என்னைக் கேட்கவில்லை, எனக்குச் சொல்லவில்லை என்று நாளைக்கு ஒரு வாய் பேசக்கூடாது என்பதற்காக உண்டான வழக்கம். நின்றுவிட்டுப் பானகம் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பூமயில் செய்த தப்பு என்னவென்றால், ஒருத்தரையும் விடாமல் கூப்பிட்டாள். வேறு எந்த ஊர்க்காரியாக இருந்தாலும் முக்கியமான நாலுபேரைக் கூப்பிட்டு முடித்திருப்பாள். இவளுக்கோ, விட்டுப்போன ஒருத்தரால் என்ன ஆகும் என்பது பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு ரத்தத்தில் ஊறியிருந்தது. நாத்தனார் இருளாயியின் மாமியார் வீட்டு ஆட்களுக்குப் பக்கத்து ஊருக்கே போய்ச் சொன்னாள். பேசாதவர்கள் வீட்டு வாசலில் நின்று, கதவு திறக்கும்வரை காத்திருந்து சொன்னாள். எல்லோரும் வந்தார்கள். காலை வெயில் ஏறுகிற நேரத்தில் பொட்டல் நிறைய நின்றார்கள், நல்லா வரணும் என்று வாயார வாழ்த்தினார்கள், பானகம் நன்றாக இருக்கிறது என்றார்கள், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். அவர்களுடைய நிழல்கள் போகவில்லை.

தோளில் துண்டோடு சாத்தையா மாமாவின் நிழல் நட்டநடுவில் கிடந்தது. இடுப்பில் பிள்ளையோடு இருளாயியின் நிழல் அதன்மேல் பாதி ஏறிக் கிடந்தது. பூமயிலின் புருஷன் தனுக்கோடியின் நிழல், பெரியவர்கள் முன்னால் அவன் எப்போதும் நிற்கிற மாதிரி கைகட்டிக்கொண்டு ஓரமாகக் கிடந்தது. சுற்றிலும் சித்தப்பன், பெரியப்பன், கொழுந்தன், ஓரகத்தி, சம்பந்தி என்று ஒன்றின்மேல் ஒன்றாக, பொட்டலில் ஒரு முறம் வைக்கிற அளவுக்குக்கூட வெயில் விழ இடமில்லை. ஆட்கள் போன வேகத்தில் மறந்திருப்பார்கள், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று பூமயில் நினைத்தாள்.

சாயங்காலம் வந்தார்கள், எடுக்க வரவில்லை, உட்கார வந்தார்கள். அத்தனை நிழல் ஒரே இடத்தில் கிடந்தால் குளிர்ச்சிக்குக் கேட்கவா வேண்டும்? பங்குனி வெயிலில் ஊரே வறுபட்டுக்கொண்டிருந்தபோது பூமயில் களம் மட்டும் கிணற்றுக்குள் இருக்கிற மாதிரி இருந்தது. முதலில் சீட்டு விளையாடுகிறவர்கள் வந்தார்கள். நூறுநாள் வேலைக்குப் போகிற பெண்கள் மத்தியானச் சோற்றை அங்கே கொண்டுவந்து பிரித்தார்கள். டீக்கடைக்காரர் பாய்லரைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு மூலையில் வைத்தார். அங்கே வைத்துப் பெண் பேசி முடித்தார்கள், வாய்க்கால் தகராறு பேசி முடிக்காமல் விட்டார்கள், ஆட்டுக்கு முளைக்குச்சி அடித்தார்கள். நிழலில்லாமல் நடப்பது ஆரம்பத்தில் கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருந்தது, நாவிதர் மட்டும் நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்று தெரியாமல் திண்டாடினார், பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. காலடியில் ஒன்று இழுபட்டுக்கொண்டே வராமல் இருப்பது லேசாக இருக்கிறது என்று சிலர் சொல்லவும் செய்தார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டால், "எங்க தனுக்கோடி பொண்டாட்டி தொழில் பண்றா, அதுக்குக் குடுத்திருக்கோம்" என்று பெருமையாகச் சொன்னார்கள்.

மிளகாய் காயவில்லை. கீறித் தயிரில் ஊறப்போட்ட மிளகாயைப் பகலில் வெயிலில் பரப்பி, பொழுதடைந்ததும் அதே தயிரில் போட்டு, மறுபடி மறுபடி செய்து வெள்ளைவெளேரென்று சலசலக்கும்படி காயவைக்க வேண்டும். பூமயில் பாயில் பரப்பினால் அது பரப்பியபடி கிடந்தது, தொட்டால் நொளநொளவென்று இருந்தது, பிறகு காம்பருகில் பச்சையாகப் பூசணம் பிடித்தது. வத்தலுக்குக் கீறிப்போட்ட மிதுக்கங்காய் அழுகியது. பாயைத் தூக்கிக் கொண்டுபோய் ஊருணிக் கரையில் விரித்துப் பார்த்தாள். நிழல்கள் எழுந்து, பொட்டலிலிருந்து கரைக்கு ஊர்ந்து வந்து, பாயைச் சுற்றிப் படுத்துக்கொண்டன. மொட்டைமாடியில் விரித்தாள், படியேறி வந்தன. அவை நிலத்துக்குக் கொடுத்த நிழல்கள் இல்லை, அவள் தொழிலுக்குக் கொடுத்தவை. அவள் பொட்டலுக்கே திரும்பினாள், பின்னாலேயே டீக்கடைக்காரரும் பாய்லரோடு திரும்பினார்.

அபுதாகிர் பாய் போன் பண்ணினார். "என்னம்மா, ஊரெல்லாம் தீயா வெயிலடிக்குது, இன்னும் காயலங்குற? ஆகாதுன்னா சொல்லிரு, கமுதியில ஒரு பார்ட்டி கேட்டுக்கிட்டே இருக்காக." ஆகும் பாய் என்றாள். போனை வைத்துவிட்டு நேரே சாத்தையா மாமாவிடம் போனாள். அவர் தன்னுடைய நிழலிலேயே கட்டில் போட்டுப் படுத்திருந்தார்.

"மாமா, ஒங்க நெழல எடுத்துக்கிட்டுப் போயிருங்க மாமா. மொளகா காய மாட்டேங்குது."

அவர் எழுந்து உட்கார்ந்து வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார். "ஏத்தா, குடுத்ததத் திருப்பி வாங்குற வம்சமா நாங்க?"

"நான் நெழலக் கேக்கலயே மாமா. வந்து நின்னுட்டுப் போகத்தான கூப்பிட்டேன்."

"நின்னா நெழல் விழத்தான செய்யும்?" என்றார். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் குரலைத் தணித்துக்கொண்டார், உண்மையிலேயே வாஞ்சையாகத்தான் பேசினார். "நாளைக்கு ஒருத்தன் கேப்பான்த்தா. சாத்தையா ஏன் நெழல எடுத்தான், அந்தப் புள்ள தலையெடுக்குறது பொறுக்கலயான்னு. அந்தக் கெட்ட பேரு எனக்கெதுக்கு? மொதல்ல வேற யாராச்சும் எடுக்கட்டும். அடுத்தாப்புல நான் எடுத்துக்குறேன்."

வீடுவீடாகப் போனாள். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். இரண்டாவதாக எடுக்க ஊரே தயாராக இருந்தது, முதலாவதாக எடுக்கத்தான் ஆளில்லை.

"மதினி, எம்பிள்ள நெழலும் கூடக் கெடக்கே" என்று இருளாயி கண்கலங்கினாள். "பச்சப்பிள்ளயோட நெழலப் பிடுங்கிட்டுப் போன்னு சொல்ல ஒங்களுக்கு எப்படி மனசு வருது? அவன் அங்கனதான் நல்லாத் தூங்குறான்."

கடைசியாகப் புருஷனிடம் கேட்டாள். தனுக்கோடி கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கைநீட்ட மாட்டான், தயிருக்குக் குடம் சுமந்தவன் அவன்தான். "எல்லாரும் எடுத்தா நானும் எடுத்துக்குறேன் புள்ள" என்றான். "நான் மட்டும் எடுத்தா என்ன சொல்லுவாக?"

"எம்புருசன்னு சொல்லுவாக" என்றாள் பூமயில். அவன் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போனான், எங்கே போயிருப்பான் என்று சொல்லவேண்டியதில்லை, களத்துக்குத்தான்.

அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் பூமயிலுக்குச் சுலபமாகப் போயிருக்கும். கெட்டவனை மண்ணை வாரித் தூற்றலாம். இவர்கள் அவள் மகள் மஞ்சள்காமாலையில் கிடந்தபோது ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், கூரை பற்றியபோது மறுநாளே கீற்று கொண்டுவந்து வேய்ந்து கொடுத்தவர்கள், அவள் விழுந்தால் தாங்குவதற்கு இத்தனை கை நீளும். எழுந்தால்தான் இந்தக் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் மூண்டது. விழுந்து கிடந்தால்தான் நான் உங்கள் பிள்ளையா? சட்டித் தண்ணீரில் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒருத்தருக்கும் நின்று கொடுக்கத் தோன்றவில்லையே? பூசணம் பிடித்த மிளகாயைக் கூடைகூடையாக அள்ளிக் குப்பைமேட்டில் கொட்டினாள். கொட்டிவிட்டு வந்தபோது, "கொஞ்சம் பாத்துப் பண்ணிருக்கலாம், அவசரப்பட்டுட்டா" என்று அவள் காதுபடவே ஒரு சித்தப்பா சொன்னார், அவருடைய நிழலில் சாய்ந்துகொண்டு.

அன்றைக்கு வேட்டியில் ஊற்றியிருந்த கூழ்வடகமும் புளித்துப்போயிருந்தது. அதையும் கொட்டலாம் என்று வேட்டியின் ஒரு முனையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தபோது, வேட்டியோடு சேர்ந்து ஓரகத்தி நிழலின் கொண்டையும் எழும்பி வந்தது. கூழில் ஒட்டிக்கொண்டிருந்தது. பூமயில் அப்படியே நின்றாள். நிழலுக்கு அடியில்தான் வெயிலில்லை, அதன் முதுகில் வெயில் விழத்தானே செய்கிறது? விழுந்தால் காயத்தானே வேண்டும்? காய்ந்தால் உரிக்கத் தெரியாதவளா அவள்?

மறுநாள் விடிந்ததும் அண்டா அண்டாவாக அரிசிக்கூழ் காய்ச்சினாள். ஊரில் இருந்த பழைய வேட்டி, பழைய சேலையெல்லாம் கேட்டு வாங்கினாள், அதற்கு மட்டும் எல்லோரும் தாராளமாகக் கொடுத்தார்கள். பொட்டல் முழுவதும் துணியை விரித்தாள். நிழல்கள் வழக்கம்போலத் துணிமேல் ஏறிப் படுத்துக்கொள்ள, நகரும் முன்னே அவற்றின் விளிம்பைத் தூக்கித் தூக்கி அடியில் கூழைத் தடவினாள். உட்கார்ந்திருந்தவர்கள் காலைத் தூக்கி இடம் விட்டார்கள், வடகம் நல்ல யாவாரம் என்று பாராட்டினார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து போனார்கள். சித்திரை வெயில் நிழல்களின் முதுகில் இறங்கியது. அவை விறைத்தன, ஓரம் சுருண்டன, சாயங்காலத்துக்குள் துணியோடு துணியாக மொடமொடவென்று காய்ந்துபோயின.

பூமயில் துணியைக் குப்புறப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, வடகம் உரிப்பது போலவே உரித்தாள். சாத்தையா மாமா துண்டோடு வந்தார். இருளாயி பிள்ளையோடு வந்தாள், பிள்ளை நிழலை மட்டும் பார்த்து, கிழியாமல் மெதுவாக எடுத்தாள். சித்தப்பாக்கள் சடசடவென்று வந்தார்கள். ஒவ்வொன்றையும் உரிக்கும்போது அவள் வாய் ஓயவில்லை. இது என் மிளகாய்க்கு, இது என் தயிருக்கு, இது நீங்கள் சிரித்த சிரிப்புக்கு என்று சொல்லிச் சொல்லி உரித்தாள். கைகட்டிக் கிடந்த நிழலிடம் வந்தபோது வாய் நின்றது. அதை உரித்தபோதுதான் அழுதாள். உரிக்காமல் விடவில்லை.

எல்லாவற்றையும் சாக்கில் அடைத்துத் தலையில் வைத்துக்கொண்டு, கோயில் பொங்கலுக்கு நாள் சாட்டுவதற்காக ஊர் கூடியிருந்த அய்யனார் கோயில் முன்னால் போய்க் கவிழ்த்தாள். நிழல்கள் சருகு மாதிரிச் சரிந்தன.

"அவுகவுக நெழல அவுகவுக எடுத்துக்கங்க" என்றாள். "இதுல எனக்கு எதுவும் வேணாம்."

"ஏத்தா, என்ன காரியம் பண்ணிட்ட? ஒறவ அத்துட்டியேத்தா" என்றார் சாத்தையா மாமா. ஒருவரும் தொடவில்லை. அப்போது காற்று அடித்தது. பறந்துபோய்விடுமோ என்ற பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் விழுந்து, அகப்பட்டதைப் பிடித்து அவசர அவசரமாகக் காலில் ஒட்டிக்கொண்டார்கள். சாத்தையா மாமாவுக்குக் கொண்டை போட்ட நிழல் கிடைத்தது. ஓரகத்தி தோளில் துண்டோடு வீட்டுக்குப் போனாள். தனுக்கோடிக்கு யாருடையதோ, இடுப்பில் கைவைத்து நிற்கிற நிழல் வாய்த்தது, அது அவனுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை.

அதன்பிறகு பூமயிலோடு யாரும் பேசவில்லை. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் தள்ளிப்போயின. பொங்கலுக்கு அவள் வீட்டில் வரி வாங்க வரவில்லை. தனுக்கோடி ஒரு வேளை இங்கேயும் ஒரு வேளை தம்பி வீட்டிலுமாகச் சாப்பிட்டான். பொட்டலில் மட்டும் வெயில் விழுந்தது. கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை வெயில், கல்லைப் பிளக்கிற வெயில், அதற்கு நடுவில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு அவள் ஒருத்தியாகக் கீறினாள், ஊறவைத்தாள், பரப்பினாள், அள்ளினாள். மிளகாய் அள்ளும்போது சலசலவென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்ட அன்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள், கூடச் சிரிக்க யாருமில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. சித்திரை முடியும் முன்னே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது. வைகாசியில் பாக்கெட் வந்தது. மேலே பூமயில் மோர்மிளகாய் என்று இருந்தது.

பாக்கெட்டை நெடுங்கரைக் கடையில் தொங்கவிட்ட அன்றைக்கே ஊர் எல்லாவற்றையும் வேறு மாதிரி நினைவுவைத்துக்கொண்டது. அன்றைக்கு நாமெல்லாம் நின்று கொடுத்ததால்தான் அவள் நிமிர்ந்தாள் என்றார்கள். நிழலை நாமாகத்தான் எடுத்தோம் என்றார்கள். சின்னப்பிள்ளை கோபத்தில் ஏதோ செய்துவிட்டாள், பெரியவர்கள் நாம்தான் பொறுத்துப்போக வேண்டும், தொழில் பெருகிவிட்டது, இனிமேல் இன்னும் நன்றாகப் பெருக மறுபடியும் ஒருதரம் போய் நின்று கொடுத்துவிட்டு வருவோம் என்று முடிவு செய்தார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் மேற்கேயிருந்து வந்தார்கள். வெயில் அவர்களுக்குப் பின்னால் இருந்ததால், ஆளுக்கு முன்னே அவரவர்க்கு வாய்த்த நிழல்கள் நீளநீளமாகப் பொட்டலைப் பார்த்து வந்தன. சாத்தையா மாமா கொண்டை நிழலைக் காலில் இழுத்துக்கொண்டு சிரித்த முகமாக வந்தார். எல்லோருக்கும் முன்னால், வெற்றிலைபாக்கு வைத்த தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு, மாமா கூப்பிட்டார் என்பதற்காகத் தனுக்கோடி வந்தான்.

பூமயில் களத்தின் விளிம்பில் வந்து நின்றாள். வருகிறவர் தீராப் பகையாளியாக இருந்தாலும் வாங்க என்று சொல்லாமல் இருந்ததாக அந்தச் சீமையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. சொத்துக்காக வெட்டிக்கொண்டவர்கள்கூட அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதற்காக எல்லோரும் நடையைத் தளர்த்திக் காத்திருந்தார்கள்.

"வராதீங்க" என்றாள்.

சாத்தையா மாமா காதில் விழாத மாதிரிச் சிரித்துக்கொண்டே காலை எடுத்து வைத்தார்.

"வராதீங்க மாமா. யாரும் வராதீங்க." தாம்பாளத்தைப் பார்த்தாள், பிறகு அதை ஏந்தியிருந்தவனைப் பார்த்தாள். "நீங்களுந்தான். ஒங்களுக்குச் சேத்துத்தான் சொல்றேன்."

ஊர் நின்றது. தனுக்கோடிக்கு முன்னால் விழுந்துகிடந்த நிழலின் தலை, மிளகாய்ப் பாய்க்கு ஒரு சாண் தள்ளி அப்படியே கிடந்தது, முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. அவன் ஒரு முடிவுக்கு வருகிறவரை பூமயில் காத்திருக்கவில்லை. வெயில் இன்னும் கொஞ்சம் பாக்கியிருந்தது, குனிந்து மிளகாயைப் புரட்டிப் போட ஆரம்பித்தாள்.